ஆற்றங்கரையும் ஆட்சேபணைப் பதிவேடும்

குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அனகாபுத்தூருக்கு முன்னால் அடையாற்றைப் பார்க்காமல் போக முடியாது. வருஷத்தில் பத்து மாதம் ஆகாயத்தாமரையும் கறுத்த தண்ணீருமாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் தான் ஓர் ஆறு என்று அதற்கு ஞாபகம் வரும்.

இந்த ஆற்றைச் சீரமைக்கப் போவதாக 2024-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் 1,500 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தார்கள். அதன் பிறகு ஒருநாள் என் மகன் செல்போனில் ஒரு படம் காட்டினான். யார் வரைந்ததோ தெரியாது. ஆற்றோரம் நடைபாதை, விளக்குகள், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், கையில் காப்பிக் கோப்பையோடு ஓர் இளம் ஜோடி. தண்ணீர் நீலமாக இருந்தது. நான் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இதுக்கு யாரையாவது கேட்டாங்களா?" என்றாள்.

முப்பத்தாறு வருஷம் சர்க்கார் கோப்புகளைக் கட்டி அவிழ்த்தவனுக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. இந்தக் கட்டுரை அவள் கேள்விக்கு என் பதில். கொஞ்சம் நீண்ட பதில். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புதுச்சேரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் பிறந்தது 1951-ல். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பரில் ஆட்சியைக் கைமாற்றிவிட்டாலும், சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். நான் பிரெஞ்சு மொழியில்தான் படித்து பிரெவே தேறினேன். பெரியப்பா மேரியில் எழுத்தராக இருந்தவர். நகர மண்டபத்தை எங்கள் ஊரில் மேரி என்றுதான் சொல்வோம். பிரெஞ்சுச் சட்டத்தில் உள்ள ஒரு வழக்கத்தை அவர் எனக்கு விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது. அதன் பெயர் 'கொமோதோ எத் இன்கொமோதோ' விசாரணை. லத்தீன் சொற்கள். தமிழில் சொன்னால் 'சௌகரியமும் அசௌகரியமும்'.

நெப்போலியன் காலத்தில், 1810 அக்டோபரில் ஓர் ஆணை வந்தது. தோல் பதனிடும் கிடங்கு, சாயப்பட்டறை போன்று நாற்றமும் புகையும் தரக்கூடிய தொழில்களை யாரும் நினைத்த இடத்தில் தொடங்க முடியாது. அதில் சில வகைத் தொழில்களுக்கு, அக்கம்பக்கத்தவரிடம் 'இதனால் உங்களுக்கு என்ன சௌகரியம், என்ன அசௌகரியம்' என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பிற்காலத்தில் இதுவே வளர்ந்து பொது விசாரணை ஆயிற்று. ஒரு பதிவேட்டை மேசைமேல் திறந்து வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம். "தெருவில் போகிறவன் எழுதினாலும் அது கோப்பில் சேரும்டா" என்பார் பெரியப்பா.

பிரெஞ்சுக்காரர்களைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் புதுச்சேரியில் வெள்ளையருக்கு ஒரு வாக்காளர் பட்டியல், நம்மவருக்கு வேறு பட்டியல் என்று வைத்து ஆண்டவர்கள்தான். வெள்ளைப் பட்டணத்துக்கும் கறுப்புப் பட்டணத்துக்கும் நடுவே ஓடிய பெரிய வாய்க்காலை எங்கள் ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். என் மனதில் தங்கியது அந்த இரண்டாவது சொல் மட்டும்தான். அசௌகரியம் என்ன என்று சர்க்காரே வாய்விட்டுக் கேட்பது சிறுவயதில் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

நம் நாட்டில் இப்படிக் கேட்கும் வழக்கம் இல்லையா என்றால், நம் பக்கத்து ஊரிலேயே இருந்தது. நம் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஓலை எடுத்து வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நீர்நிலைக்கு என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குழு. இது நமக்குப் பெருமைதான்.

ஆனால் அதே கல்வெட்டில் தகுதிகளையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். பிரமதேயச் சபை அது. ஏரிக்கரையில் மண் சுமந்தவர் பெயர் ஓலையில் ஏற வழியே இல்லை.

குடிமராமத்தும் அப்படித்தான். ஊரார் கூடி ஏரியைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, மதகைச் சரிசெய்வது பழைய வழக்கம். அது தளர்ந்துபோனதால் ஆங்கிலேய அரசு 1858-ல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கியபோது, அந்த விழா நடந்தது நமக்குப் பக்கத்து மணிமங்கலம் ஏரியில். இவ்வளவு காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான். மண்வெட்டி பிடிக்க எல்லோரையும் கூப்பிட்டார்கள். கருத்துச் சொல்ல நிலம் வைத்திருந்தவரை மட்டும் கூப்பிட்டார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மேசைமேலேயே பார்த்தேன்.

பிரெவேக்குப் பிறகு இங்கிலீஷில் தட்டுத் தடுமாறி பி.யூ.சி. முடித்து, தட்டச்சும் தேறி, 1973-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். எண்பதுகளில் சில வருஷம் நில எடுப்புப் பிரிவில் இருந்தேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம். 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம்தான் அப்போது வேதம். 4(1) அறிவிக்கை வந்தால், முப்பது நாளுக்குள் ஆட்சேபணை தரலாம். அதைக் கேட்பதற்குப் பெயர் 5ஏ விசாரணை. இந்தப் பிரிவு முதலில் சட்டத்தில் இல்லை, 1923-ல்தான் சேர்த்தார்கள். நஷ்டஈடு கேட்க உரிமை உள்ளவர்தான் ஆட்சேபணை சொல்லலாம். அவசரம் என்று சொல்லிவிட்டால் இந்த விசாரணையையும் தவிர்க்கலாம்.

ஒரு வாய்க்கால் கரையை அகலப்படுத்தும் கோப்பு வந்தது. விசாரணை நாளில் வயதான ஒருவர் மனுவோடு வந்து என் மேசை முன்னால் நின்றார். துணி வெளுப்பவர். அவர் அப்பா காலத்திலிருந்து அந்தக் கரையில்தான் துவைத்து உலர்த்துகிறார்கள். "வேணாம்னு சொல்லலைங்க. துறைய மட்டும் விட்டுட்டு எடுத்துக்கிட்டா போதும்" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "பெரியவரே, பட்டா இருக்கா?" இல்லை. "அப்படின்னா இந்த விசாரணையில உங்க மனுவ வாங்க முடியாது" என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் மனுவை நாலாக மடித்து மேல்துண்டில் முடிந்துகொண்டு போனார். மாலையில் நான் குறிப்பு எழுதினேன்: 'வரப்பெற்ற ஆட்சேபணைகள் பரிசீலிக்கப்பட்டன. மற்றபடி ஆட்சேபணை ஏதுமில்லை.'

சட்டப்படி நான் செய்ததில் தவறில்லை. மேலதிகாரி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார். அந்த மனுவைத் தபாலில் பதிந்து கோப்பில் சேர்த்திருந்தால் வானம் இடிந்து விழுந்திருக்காது. நாற்பது வருஷம் ஆகிறது. அந்த மேல்துண்டு முடிச்சு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இனிச் சென்னைக்குள் வருவோம். பட்டணத்தின் நடு ஆறு கூவம். 1734-ல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்து ஓடும் இடத்தில் நெசவாளர்களைக் குடியேற்றினார்கள். சின்னத் தறிப் பேட்டை. அதுதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. நூல் நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர், வெளுப்பவர் எல்லோருக்கும் தண்ணீர் வேண்டும் என்பதால்தான் ஆற்றங்கரை. வள்ளல் பச்சையப்ப முதலியார் கூவத்தில் குளித்துவிட்டு கோமளீஸ்வரர் கோயிலுக்குப் போவார் என்று சொல்வார்கள். அவர் காலமானது 1794-ல்.

அந்தக் கூவம் சாக்கடை ஆன பிறகு அதை அழகுபடுத்தும் ஆசை ஒவ்வொரு ஆட்சிக்கும் வந்தது. அறுபதுகளின் கடைசியில் தொடங்கிய கூவம் சீரமைப்புத் திட்டத்தில் கரை கட்டி, படகுத்துறைகள் அமைத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் துறைகளின் மண்டபங்கள் புதுக்கருக்கு மாறாமல் நின்றன. படகுதான் நிலைக்கவில்லை. மழைக்காலம் போனால் கூவத்தில் ஓடுவதற்குத் தண்ணீர் கிடையாது. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்ளும். கழிவுநீர் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கும். அந்த வாடையில் யார் படகில் போவார்கள்? கரையில் வசித்தவர்களைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

பின்னால் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை வந்தது. 2006-ல் அடையாறு பூங்காவுக்காகத் தொடங்கிய அறக்கட்டளையையே 2010-ல் பெயர் மாற்றி விரிவாக்கினார்கள். கூவத்துக்குச் சுமார் 605 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். அதில் கரையோரமாக இருந்த பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை இடம் மாற்றுவதும் அடங்கும். தீவுத்திடல் அருகே சத்தியவாணிமுத்து நகரில் 2019 டிசம்பரில், பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் வீடுகளை எடுத்தார்கள். பிள்ளைகள் படித்த பள்ளி ஒரு மூலையில், போன பெரும்பாக்கம் இன்னொரு மூலையில். மே மாதம் வரை பொறுங்கள் என்பதுதான் அந்தத் தாய்மார்கள் சொல்லியிருக்கக்கூடிய அசௌகரியம்.

வெளியூரில் எப்படி என்று பார்த்தேன். ஆமதாபாத்தில் சபர்மதி ஆற்றங்கரையை மேம்படுத்தலாம் என்று 1960-களில் யோசனை சொன்னவர் பெர்னார் கோன் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். அதற்கென ஒரு கழகம் அமைத்தது 1997-ல். கரையில் இருந்த மக்கள் 2005-ல் உயர் நீதிமன்றம் போனார்கள். அதன் பிறகுதான் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு மாற்று வீடு என்ற பேச்சு உறுதியானது. அந்த வீடுகளும் பலருக்கு ஊருக்கு வெளியேதான் கிடைத்தன. ஆனால் ஒரு நல்ல காரியமும் நடந்தது. அங்கே ஆற்று மணலில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடும். பழைய கட்டில், பாத்திரம், புத்தகம் எல்லாம் கிடைக்கும். முதல் வரைபடத்தில் அதற்கு இடமில்லை. சந்தை வியாபாரிகள் வழக்குப் போட்டு, தங்களுக்கு என்ன வேண்டும் என்று விளக்கிச் சொன்னார்கள். 2014-ல் அந்தச் சந்தை அதே ஆற்றங்கரையில் மேடையும் நிழலுமாக மறுபடி கூடியது. கேட்டதால் திட்டம் கெட்டுப்போகவில்லை.

பாரிஸையும் சொல்லிவிடுகிறேன். படித்த மொழி விட்டுப்போகுமா! அங்கே சேன் நதியின் வலது கரையில் 1967-ல் விரைவுச் சாலை போட்டார்கள். இடது கரையிலும் போடவிருந்ததை 1974-ல் ஜனாதிபதி ஜிஸ்கார் நிறுத்தினார். 2016-ல் மேயர் ஆன் இதால்கோ வலது கரைச் சாலையில் 3.3 கிலோமீட்டரை மூடி, நடப்பவர்களுக்கு விட்டார். பொது விசாரணைக் குழு அதற்கு ஆதரவாக அறிக்கை தரவில்லை. 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் மேயரின் முடிவையே ரத்து செய்தது. காரணத்தைக் கவனியுங்கள். மக்கள் முன் வைத்த பாதிப்பு அறிக்கையில் பிழைகளும் விடுபடல்களும் இருந்தனவாம். மக்களிடம் கேட்பதாகச் சொல்லிவிட்டு அவர்களுக்குச் சரியான தகவலைக் கொடுக்காவிட்டால், அது கேட்டதாக ஆகாது என்று பொருள். மேயர் வேறு காரணங்களைக் காட்டிப் புது ஆணை போட்டார், சாலை மூடியபடியே இருக்கிறது. இன்று அந்தக் கரையில் என்னைப் போன்ற கிழவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருநூறு வருஷத்துக்கு முன் தோல் கிடங்குக்காக ஏற்பட்ட வழக்கம், ஒரு மேயரையே மறுபடி உட்கார்ந்து எழுத வைத்தது.

இப்போது நம் அடையாறு. 2015 டிசம்பர் முதல் தேதி இரவை நம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். ஆறு தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நானும் மனைவியும் மொட்டை மாடியில் இரண்டு நாள் இருந்தோம். பிரெஞ்சுப் புத்தகங்கள் இரண்டு அலமாரி போயின.

எங்கள் வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாவின் குடிசை ஆற்றோரக் குடியிருப்பு ஒன்றில் இருந்தது. கணவர் தறி ஓட்டியவர். அனகாபுத்தூர் தறிகள் ஒரு காலத்தில் நைஜீரியா வரைக்கும் மெட்ராஸ் கைக்குட்டைத் துணி அனுப்பியவை. அந்த வியாபாரம் படுத்த பிறகு அவருக்குக் கிடைத்த வேலைதான். அந்த அம்மாவின் குடிசை தரையோடு போய்விட்டது. தண்ணீர் வடிந்த நாலாம் நாள் துடைப்பத்தோடு வந்து நின்றார். "உங்க வீட்டு நிலைமை என்னம்மா?" என்றேன். "அங்க கூட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல சார். இங்கதான் சேறு இருக்கு" என்றார்.

அதன் பிறகு எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் போடுவது பற்றி ஒரு கூட்டம் நடந்தது. நலச்சங்கம் என்ற முறையில் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பிஸ்கெட்டும் டீயும் கொடுத்தார்கள். நான் எழுந்து நாலு வார்த்தை பேசினேன். குறித்துக்கொண்டார்கள். அதே மாதத்தில் அந்த அம்மாவின் குடியிருப்பிலும் ஆட்கள் வந்து கதவுக்குக் கதவு எண் எழுதிவிட்டுப் போனார்கள். 2017-ல் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். சுமார் இருபது கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். மூன்று மாதம் முயன்று பார்த்துவிட்டு வேலையை விட்டார். கடைசி நாள் சம்பளம் வாங்க வந்தபோது, "போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களாம்மா?" என்றேன். "எங்கள யாரு சார் கேட்டாங்க? அளக்கத்தான் வந்தாங்க" என்றார்.

என் வீடும் அவர் வீடும் ஒரே வெள்ளத்தில்தான் மூழ்கின. என்னிடம் பட்டா இருந்தது. அவரிடம் 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி தண்டம் கட்டிய பி மெமோ ரசீதுகள்தான் இருந்தன. அதையும் ஆறு கொண்டுபோய்விட்டது. 2025 மே மாதத்தில் அனகாபுத்தூரில் அடையாற்றுக் கரையில் நூற்றுக்கணக்கான வீடுகள் இடிபட்டதைச் செய்தியில் பார்த்தபோது, அந்தக் கூட்டத்தில் அவர் முகம் தெரிகிறதா என்று தேடினேன். அவர் அங்கே இல்லை என்று தெரிந்தும் தேடினேன்.

ஆற்றோரத்தில் யாரையும் அசைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2015-ஐப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆற்றுக்கு அகலம் வேண்டும். வெள்ளம் வந்தால் முதலில் சாவது கரையில் இருப்பவர்தான். அவர்களில் பலருக்கே இது தெரியும். போவதா இல்லையா என்பதைவிட, எங்கே, எப்போது, எவ்வளவு தூரம் என்பதுதான் அவர்கள் கேள்வி. துறையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அன்று என்னிடம் கேட்டவரும் அவ்வளவுதான் கேட்டார். அதைக் கேட்க வேண்டிய நேரம் படம் வரைவதற்கு முன்னால். படம் வரைந்து, டெண்டர் விட்டு, கதவில் எண் எழுதிய பிறகு கூட்டம் போட்டால், அது நான் எழுதிய 'ஆட்சேபணை ஏதுமில்லை' மாதிரிதான்.

ஓய்வுபெற்ற குமாஸ்தாவால் பெரிய யோசனை சொல்ல முடியாது. சின்னதாக ஒன்று. திட்டம் வரும் ஊரில், ரேஷன் கடையில் ஒரு மேசை போட்டு, ஒரு கோடு போட்ட நோட்டை முப்பது நாள் திறந்து வையுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஓர் ஆளை உட்கார வையுங்கள். பட்டா கேட்காதீர்கள். இரண்டே பத்தி போதும்: சௌகரியம், அசௌகரியம். எழுதியதற்கு என்ன பதில் என்று அதே நோட்டில் எதிர்ப்பக்கம் எழுதுங்கள். எழுத ஆள் கிடைக்காவிட்டால் எனக்குச் சொல்லி அனுப்பினால் போதும். கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

மனைவிக்கு இதைப் படித்துக் காட்டினேன். "இவ்வளவு எழுதினதுக்கு, கேக்கலன்னு ஒரு வார்த்தையில சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அடையாற்றிலோ கூவத்திலோ குளித்த, துவைத்த, மீன் பிடித்த ஞாபகம் உங்களில் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். கூவத்துப் படகில் ஏறிய புண்ணியவான் எவராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் அதில் பதிந்துகொள்கிறேன்.